இயற்கணிதப் பின்னம்: எது அடிபடும், எது அடிபடாது

டெல்டாவில் நிலத்தை மாவிலும் வேலியிலும் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 20 மா ஒரு வேலி. 5 மா என்றதும் கால் வேலி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். அங்கே நடப்பது இதுதான்: 5/20-இல் மேலே 5 × 1, கீழே 5 × 4 என்று பிரித்து, பொதுவாக உள்ள 5-ஐ அடிக்கிறோம். பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளை, அதாவது மேலும் கீழும் எழுத்துக் கோவைகள் உள்ள பின்னங்களை, சுருக்குவதும் இதே வேலைதான். எண் இருந்த இடத்தில் எழுத்து வருகிறது, அவ்வளவுதான். இங்கே க, ம இரண்டையும் மாறிகளாக வைத்துக்கொள்வோம்.

அடிபட வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. அடிக்கப்போவது தொகுதி (மேலே உள்ளது) முழுவதையும் பெருக்க வேண்டும், பகுதி (கீழே உள்ளது) முழுவதையும் பெருக்க வேண்டும். கூட்டலிலோ கழித்தலிலோ மாட்டிக்கொண்டிருக்கும் உறுப்பை அடிக்கவே கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள்:

(க² + 5க + 6) / (க² − 4)

மேலும் கீழும் க² இருக்கிறதே என்று அடித்தால் (5க + 6)/(−4) வரும். இது தவறு. முதலில் காரணிப்படுத்த வேண்டும், அதாவது பெருக்கலாகப் பிரிக்க வேண்டும். மேலே, பெருக்கினால் 6, கூட்டினால் 5 தரும் எண்கள் 2, 3. கீழே இரு வர்க்கங்களின் வித்தியாசம்.

(க + 2)(க + 3) / [(க + 2)(க − 2)] = (க + 3)/(க − 2)

இதோடு இரண்டு விஷயங்களை விடாமல் செய்யுங்கள். ஒன்று, சரிபார்ப்பு. க = 3 என்று வைத்தால் முதல் கோவை 30/5 = 6, விடை 6/1 = 6. தவறான விடையோ −21/4 என்று காட்டிக்கொடுத்துவிடும். சரிபார்க்க 0, 1, 2 மூன்றையும் எடுக்காதீர்கள். 0 வைத்தால் க உள்ள உறுப்பெல்லாம் மறைந்துவிடும். 1-ஐ எத்தனை அடுக்கு உயர்த்தினாலும் 1-தான், அதனால் அடுக்கில் செய்த தவறு தெரியாது. 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 என்பதால் 2-உம் பிழையை மறைக்கும். 3 அல்லது 5 நல்லது.

இரண்டாவது, விலக்கப்பட்ட மதிப்பு. பகுதி பூச்சியம் ஆகக்கூடாது என்பதால் இந்தக் கோவைக்கு 2, −2 இரண்டும் ஆகாது. சுருக்கிய விடையைப் பார்த்தால் 2 மட்டும்தான் தெரியும். எனவே அடிப்பதற்கு முன்பே, முதல் வடிவத்தைப் பார்த்து எழுதிவிடுங்கள்.

குறி மாறி நிற்கும் காரணியில் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். (3 − க)/(க² − 9) வந்தால், 3 − க என்பதை −(க − 3) என்று எழுதுங்கள். பிறகு −1/(க + 3) தானாக வரும். மேலே எல்லாம் அடிபட்டால் மிஞ்சுவது 1, பூச்சியம் அல்ல.

இனி அடுக்குகள். ஒரே அடிமானத்தைப் பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்குக்கு அடுக்கு வந்தால் பெருக்கு. விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம்தான். சறுக்குவது போடும்போது.

(2க³ம⁻²)³ / (4க⁴ம⁻⁵)

வெளியே உள்ள 3, கெழுவான 2-க்கும் சேரும். அதனால் மேலே 8க⁹ம⁻⁶. 2-ஐ அப்படியே விடுவதுதான் இங்கே முதல் தவறு. அடுத்து க-வின் அடுக்கு 9 − 4 = 5. ம-வின் அடுக்கு −6 − (−5) = −1. அடைப்புக்குறி போடாதவர்களுக்கு இது −11 ஆகிவிடும். விடை 2க⁵/ம. குறை அடுக்கு என்றால் குறை எண் என்று நினைக்க வேண்டாம்: 2⁻³ என்பது 1/8, −8 அல்ல. அதேபோல −3² என்றால் −9, (−3)² என்றால்தான் 9.

அடுக்கு விதி எதுவும் கூட்டலுக்குள் நுழையாது. (க + ம)² என்பது க² + ம² ஆகாது. க⁻¹ + ம⁻¹ என்பதும் 1/(க + ம) ஆகாது. ஏன் என்று வயலில் வைத்தே பார்க்கலாம். ஒரு பம்புசெட் தனியாக ஓடினால் ஒரு வயலுக்கு 3 மணி நேரத்தில் தண்ணீர் கட்டும், இன்னொன்று 6 மணி நேரத்தில். மணிக்கு 1/3 வயல், 1/6 வயல். 1/3 + 1/6-ஐ 1/9 என்று போட்டால், இரண்டும் சேர்ந்து ஓடினால் 9 மணி நேரம் ஆகும் என்று அர்த்தம். ஒற்றை மோட்டாரே 3 மணியில் முடிக்கும் வேலை! சரியான கூட்டல் 3/6 = 1/2, அதாவது 2 மணி நேரம்.

கூட்டல் கழித்தலுக்கு, பகுதிகளைக் காரணிப்படுத்தி மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடியுங்கள்.

5/(க − 2) − (க + 1)/(க² − 4) = [5(க + 2) − (க + 1)]/(க² − 4) = (4க + 9)/(க² − 4)

கழித்தல் குறி பின்னால் வரும் தொகுதி முழுவதற்கும் உரியது. அடைப்பு இல்லையென்றால் 4க + 11 என்று தவறாக வரும். சமன்பாட்டில் செய்வதுபோல இங்கே பகுதியைப் பெருக்கி ஒழித்துவிடவும் கூடாது. கோவைக்கு மறுபக்கம் கிடையாது, பகுதி கடைசிவரை கூடவே வர வேண்டும்.

பின்னத்துக்குள் பின்னம் வந்தால், உள்ளே இருக்கும் பகுதிகளின் மீ.சி.ம.வால் மேலும் கீழும் பெருக்கினால் போதும். அதே பம்புசெட் கணக்கில் ஒன்றுக்கு க மணி, மற்றதற்கு அதைவிட 3 மணி கூடுதல் என்று வைத்தால், சேர்ந்து ஓட ஆகும் நேரம் 1/[1/க + 1/(க + 3)]. மேலும் கீழும் க(க + 3)-ஆல் பெருக்க,

க(க + 3)/(2க + 3)

க = 3 என்றால் 18/9 = 2 மணி, முன்னே வந்த விடையேதான். மேலே உள்ள க-வையும் கீழே உள்ள 2க-வையும் அடிக்கக் கை போகும். 2க-வோடு 3 கூட்டலில் நிற்கிறது. இதற்கு மேல் சுருங்காது, அப்படியே விட்டுவிடுங்கள்.