ஊர் வாரப் பத்திரிகைக்கு வரலாறு எழுதப் போறீங்களா? அடிவரியில் தொடங்குங்க

வரலாறு எழுத உட்கார்ந்ததும் எல்லாரும் ஆசிரியர் வீட்டுக்குத்தான் போவார்கள். அதற்கு முன்னால் கடைசிப் பக்கத்து அடிவரியைப் பாருங்க. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், அச்சகம், ஊர் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். 1867ஆம் வருஷத்துச் சட்டம் கேட்ட வரி அது. அச்சகத்தின் பெயர் மாறிய வாரத்தைக் குறித்துவைங்க. பணமுடையோ பங்காளிச் சண்டையோ அந்த வாரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் வந்த முதல் இதழை மட்டும் தனியே எடுத்து அடுக்குங்க. 1956 விதிகளுக்குப் பிறகு, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர் யாரென்று 'படிவம் 4' போட்டாக வேண்டியிருந்தது. பத்திரிகை கைமாறிய கதை அந்தக் கட்டங்களிலேயே இருக்கிறது.

தேதி கிழிந்த தாளா? விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. விளம்பர முகவரியில் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தியது. ஈரோட்டைக் கோவை மாவட்டம் என்று போட்டிருந்தால் 1979க்கு முன். எழுத்தை மட்டும் நம்பி வருஷம் சொல்லாதீங்க. யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய 'னை', 'லை' எல்லாவற்றையும் மாற்றி அரசாணை வந்தது 1978இல். ஆனால் 1925இல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' வார இதழ் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு வந்துவிட்டது. சின்ன அச்சகங்களோ புது ஈய எழுத்து வாங்கக் காசில்லாமல் பழசையே ஓட்டின.

ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அச்சுக் கோத்தவர் யாராவது உயிரோடு இருந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அவரைப் போய்ப் பாருங்க. எங்க அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோபிச்செட்டிபாளையத்தில் அச்சுக் கோத்தவர். தை, ஆவணி முகூர்த்தங்களில் எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விடும், ட்ரெடில் என்ற சின்ன அச்சு இயந்திரமும் ஓயாது. அந்த வாரங்களில் வாரப் பத்திரிகை தாமதமாகும், இல்லையென்றால் நாலு பக்கம் ரெண்டாகும். சந்தா வசூலாகாத காலத்தில் பத்திரிகையைக் காப்பாற்றியதே அந்தக் கல்யாண வேலைதான் என்பார் அப்புச்சி. இதழ் விடுபட்ட மாதங்களைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்தேன், அவர் சொன்னது சரியாக இருந்தது. ஆசிரியர் வீட்டில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோத்தவர் பெயர் அடிவரியில் வராது. உங்கள் வரலாற்றிலாவது வரட்டும்.

தலையங்கத்தைப் படிப்பதுபோலவே சந்தை நிலவரத்தையும் படிங்க. ஈரோட்டு மஞ்சள், கவுந்தப்பாடிச் சர்க்கரை, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி: சந்தாக்காரர் முதலில் புரட்டிய பக்கம் அதுதான்.

இதழ்கள் கிடைக்கவில்லை என்றால் விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடை, ரைஸ் மில் பரணில் தேடுங்க. விளம்பரம் வந்த பிரதியை எடுத்துவைத்தவர்கள் உண்டு. சென்னையில் கன்னிமாராவிலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் கேளுங்க. கிடைத்த தாளில் செலோடேப் ஒட்டாதீங்க, லேமினேஷனும் வேண்டாம். மடிப்பை மெதுவாகப் பிரித்து, நேர்வெயில் படாத திண்ணையில் விரித்து, அடிவரியும் விழும்படி முழுப் பக்கமாகப் படம் எடுங்க. எடுத்ததும் படத்துக்கு இதழின் தேதியையே பெயராக வைங்க.