பூஞ்சையும் புரோட்டோசோவாவும்: வளர்த்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முறை

பூஞ்சைகளாலும், புரோட்டோசோவாக்கள் எனப்படும் ஒற்றைச்செல் உயிரிகளாலும் மனிதருக்கு விளையும் நன்மை தீமைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, அவை எப்படி உண்கின்றன, எப்படிப் பரவுகின்றன என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அந்தப் பட்டியல் தானாகவே விளங்கிவிடும். ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கைப்பிடி காய்ந்த புல், கைவில்லை, பள்ளியில் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி ஆகியவை இதற்குத் தேவை.

படி 1: ரொட்டியை அடைத்து வைத்தல்

ரொட்டித் துண்டை அரை மணி நேரம் திறந்து வைத்தால், காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் அதன்மேல் படியும். பின்னர்ச் சில சொட்டு நீர் தெளித்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை இறுக ஒட்டி, வெதுவெதுப்பான இருண்ட இடத்தில் வையுங்கள். கால்சியம் புரோப்பியோனேட் என்ற பூசணத் தடுப்புப் பொருள் சேர்த்த ரொட்டியில் பூஞ்சை எளிதில் வளராது என்பதால், வாங்கும்போதே உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிடுங்கள். ஒட்டிய உறையை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். வித்துகளை மூச்சில் இழுப்பது ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் ஆபத்தானது.

படி 2: உறைக்கு வெளியிலிருந்தே நோக்குதல்

சில நாட்களில் பஞ்சுபோன்ற வெண்ணிழைகள் படரும். அவற்றின் நுனியில் குண்டூசித் தலைபோலக் கரும்புள்ளிகள் தோன்றினால், அவை ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வித்துப்பைகள். பச்சைத் திட்டுகள் பெரும்பாலும் பெனிசிலியம் அல்லது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையாக இருக்கும். கைவில்லையால் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பூஞ்சைக்கு வாய் கிடையாது. இழைகள் நொதிகளை வெளியே சுரந்து, உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. விழுந்த மரத்தை மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவதும், நம் தோலிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கரைத்துப் படர்தாமரையை உண்டாக்குவதும் இந்த ஒரே செயல்தான்.

அவை வெளியேற்றும் பொருள்களில் மருந்தும் உண்டு, நஞ்சும் உண்டு. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங், தம் வளர்ப்புத் தட்டில் தற்செயலாகப் படிந்த பெனிசிலியத்தைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருப்பதைக் கவனித்ததிலிருந்துதான் பெனிசிலின் பிறந்தது. மாறாக, ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் சரியாக உலராத தானியங்களிலும் நிலக்கடலையிலும் உண்டாக்கும் அஃப்ளடாக்சின், கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. சாதாரணச் சமையல் வெப்பத்தால் அது முழுமையாக அழியாது. மென்மையான உணவில் இழைகள் கண்ணுக்குத் தெரியும் திட்டையும் தாண்டி ஊடுருவியிருக்கும் என்பதால், பூசணம் பிடித்த ரொட்டியில் அந்த இடத்தை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மீதியை உண்பது தவறு.

படி 3: புல் ஊறல் தயாரித்தல்

காய்ந்த புல்லை நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் சில கரண்டி குளத்து நீரைச் சேர்த்து, தளர்வாக மூடி, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதலில் பாக்டீரியாக்கள் பெருகி நீர் கலங்கும். அவற்றை உண்ணும் புரோட்டோசோவாக்கள் அதன்பின் பெருகும். ஒன்றிரண்டு வாரம் பொறுமை தேவை.

படி 4: ஒரு துளிக்குள் பார்த்தல்

மேற்பரப்பை ஒட்டிய நீரில் ஒரு துளியை ஸ்லைடில் விட்டு, சில பஞ்சிழைகளைப் போட்டு மூடுங்கள்; இல்லாவிட்டால் பாரமீசியம் என்ற புரோட்டோசோவா கண்ணில் நிற்காமல் ஓடிவிடும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே, செருப்பின் அடித்தடம் போன்ற அவ்வுயிரி சுழன்று நீந்துவதும், பஞ்சிழையில் முட்டிப் பின்வாங்கி வேறு திசையில் முயல்வதும் தெரியும். நுண்ணோக்கி வழியே நுண்ணுயிர்களை ஆராய்ந்த டச்சுக்காரரான லீவன்ஹூக் 1674-இல் ஏரி நீரில் கண்டு வியந்தவையும் இத்தகைய நுண்ணுயிர்களே.

நீர் வற்றினால் இவற்றுள் பல தம்மைச் சுற்றி உறை அமைத்து உறங்கும். சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவும் இத்தகைய உறையுடன்தான் மலத்தோடு வெளியேறி, நீர் வழியாகவும் உணவு வழியாகவும் அடுத்தவரை அடைகிறது. வழக்கமான குளோரின் அளவை அவ்வுறை தாங்கக்கூடும், கொதிநீரைத் தாங்காது. மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் என்ற புரோட்டோசோவாவின் வழி வேறு: அது பெண் அனாபிலிஸ் கொசுவின் மூலம் இரத்தத்தை அடைகிறது. பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் 1880-இல் அதை மனித இரத்தத்திலும், பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897-இல் கொசுவின் இரைப்பைச் சுவரிலும் கண்டனர்.

படி 5: அப்புறப்படுத்துதல்

ரொட்டி உறையைத் திறக்காமலேயே இன்னொரு உறையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். புல் ஊறலைக் கொதிக்கவைத்து, ஆறியபின் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.