ஸ்கூபா டேங்கில் முழுக் காற்று, கையைக் கடிக்காத விலையில்

புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் போனவர்களுக்கு டேங்கில் காற்றடிப்பது பற்றிய கவலையே இருந்திருக்காது. படகில் ஏறும்போது நிரப்பிய டேங்க் தயாராக நிற்கும். அதற்கான காசும் டைவ் கட்டணத்திலேயே அடங்கிவிடும். அமெரிக்காவில், குறிப்பாக ஃப்ளோரிடாவில், நிலைமை வேறு. கடலில் கரையிலிருந்தே இறங்கலாம், உள்நாட்டில் நன்னீர் ஊற்றுகளிலும் இறங்கலாம் என்பதால் சொந்தமாக டேங்க் வாங்கி வைத்துக்கொள்பவர்கள் அங்கே நிறைய. வாங்கிய பிறகுதான் தலைவலி தொடங்கும். கடைக்குக் கடை விலை மாறும். 3000 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) அடித்ததாகச் சொல்லிக் கொடுத்த டேங்க் தண்ணீர் ஓரத்துக்குப் போனதும் 2700 சொச்சம் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. அவசரப்பட்டு அடித்திருப்பார், அவ்வளவுதான். அந்த அவசரத்துக்குக் காரணம் பல நேரம் நாமேதான்.

படி 1: டேங்கின் தோளில் இருப்பதைப் படியுங்கள்

வால்வுக்குக் கீழே, டேங்கின் தோள் வளைவில் எழுத்துகளும் எண்களும் குத்தியிருக்கும். முழு அழுத்தம் என்றால் என்ன என்பதை அதுதான் சொல்கிறது.

அதிகம் புழங்குவது அலுமினியம் 80. அதில் 3ஏஎல்3000 என்று இருக்கும். 3ஏஎல் என்பது அலுமினிய வகையைக் குறிக்கிறது. 3000 என்பது பி.எஸ்.ஐ. கணக்கில் அனுமதித்த அழுத்தம், பார் கணக்கில் 207. 80 என்ற பெயர் கொஞ்சம் ஊதிச் சொன்னதுதான்: சரியாக 3000 அடித்தாலும் உள்ளே போவது 77.4 கன அடி, அதாவது ஏறக்குறைய 2190 லிட்டர்.

ஸ்டீல் டேங்க் என்றால் 3ஏஏ2400 போன்ற குறி இருக்கும். பரிசோதனைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு + குறியும் இருந்தால், 10 சதவீதம் கூடுதலாக, 2640 வரை அடிக்கலாம். ஸ்டீல் 85 டேங்கின் 85 கன அடி என்ற கணக்கே அந்த 2640-ஐ வைத்துப் போட்டதுதான். 2400-இல் நிறுத்திவிட்டால் 77 சொச்சம்தான் கிடைக்கும். 3442 என்று குத்திய உயர் அழுத்த ஸ்டீல் டேங்குகளும் உண்டு. அவற்றுக்கும் அலுமினியத்துக்கும் இந்த + சலுகை கிடையாது.

வடக்கு ஃப்ளோரிடாவின் குகை டைவர்களிடம் 2400 டேங்கில் 3600 வரை அடித்துக்கொண்டு போகும் பழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பல வருடம் அப்படி அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பது காற்றடிப்பவர்தான்.

படி 2: தேதி தாண்டிய டேங்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

அமெரிக்காவில் 5 வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ பரிசோதனை கட்டாயம். டேங்கைத் தண்ணீரால் நிரப்பி, தோளில் குத்திய அழுத்தத்தைப்போல 5/3 மடங்கு அழுத்தம் கொடுத்து (3000 டேங்குக்கு 5000), எவ்வளவு விரிகிறது, விட்டதும் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளப்பார்கள். தேறினால் மாதமும் வருடமும் தோளில் குத்தப்படும். இது போக, வருடத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இரண்டாவது சட்டம் இல்லை, தொழில் வழக்கம். ஆனால் ஸ்டிக்கர் காலாவதியானால் எந்தக் கடையிலும் காற்றடிக்க மாட்டார்கள். சட்டமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! நீங்கள் டைவ் பயிற்சி முடித்த அட்டையையும் பல கடைகளில் கேட்பார்கள், கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய டேங்க் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1988 நடுப்பகுதிக்கு முன்பு அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் செய்த அலுமினிய டேங்குகள் 6351 என்ற உலோகக் கலவையில் ஆனவை. அவற்றில் சிலவற்றுக்குக் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் பழக்கம் இருந்ததால், ஹைட்ரோவோடு, மின்னோட்டத்தால் விரிசல் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் சோதனையும் தேவை. சோதனையில் தேறினாலும் நிறையக் கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். 30 டாலருக்கு வாங்கி வீட்டு வாசலில் பூத்தொட்டி வைக்க வேண்டியதுதான்.

படி 3: கடையைப் பிடிப்பது

சாதாரணக் காற்று ஒரு ஃபில்லுக்குப் பத்து டாலரை ஒட்டி இருக்கும், கடையைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும் இறங்கும். விலையைவிட முதலில் கேட்க வேண்டியது காற்றுப் பரிசோதனை அறிக்கை. நல்ல கடையில் அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். அதில் கிரேடு இ, அதாவது டைவர்கள் மூச்சு விடும் காற்றுக்கான தரம், தேறியதாக இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக்கூடாது. வாசனை இல்லாத விஷம் என்பதால் டேங்கை முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் மட்டும் மூக்கை நம்பலாம்: அந்தக் காற்றைத் திறந்து விட்டுவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்து கேட்க வேண்டியது, உங்கள் டேங்கின் அழுத்தத்தைக் கடையால் எட்ட முடியுமா என்பது. பெரும்பாலான கடைகளில் கம்ப்ரசர் நேராக உங்கள் டேங்கில் அடிப்பதில்லை. முதலில் பெரிய சேமிப்பு சிலிண்டர்களில் அடித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து குழாய் வழியாக நம் டேங்குக்கு விடுவார்கள். அந்தச் சிலிண்டர்களில் 3000-தான் மிச்சம் இருக்கிறது என்றால் உங்கள் டேங்கிலும் 3000-க்கு மேல் ஏறாது. இரண்டும் சமமானதும் காற்று நின்றுவிடும். அதனால்தான் சனிக்கிழமை மதியத்துக்கு மேல், ஊரே வந்து நிரப்பிக்கொண்டு போன பிறகு, 3442 டேங்கோடு போய் நின்றால் குறையாகத்தான் கிடைக்கும். வியாழனோ வெள்ளி காலையோ போங்கள்.

படி 4: விட்டுவிட்டு வாருங்கள்

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடும் அல்லவா, டேங்கிலும் அதேதான். வேகமாக அடிக்க அடிக்க உள்ளே காற்று சூடாகும். சூடான காற்று அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கேஜ் (அழுத்தமானி) 3000 காட்டியதும் வால்வை மூடிவிடுவார்கள். ஆறியதும் முள் இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். மூடும்போது உள்ளே 50 டிகிரி செல்சியஸ், கடலில் இறங்கும்போது 25 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினுக்கு மாற்றினால் 323, 298. 3000-ஐ 298-ஆல் பெருக்கி 323-ஆல் வகுத்தால் 2768. அதாவது 230 பி.எஸ்.ஐ. காணாமல் போகிறது. அலுமினியம் 80-இல் அது ஏறக்குறைய 6 கன அடி, 165 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவர், அழுத்தம் இரட்டிப்பாக இருக்கும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். ஆக, நான்கு நிமிட டைவ் போச்சு. பணமாகப் பார்த்தால் ஒரு டாலர்கூட இல்லை. தண்ணீருக்கு அடியில் நான்கு நிமிடம் என்பது வேறு விலை.

இதற்கு மருந்து மெதுவாக அடிப்பது. நிமிடத்துக்கு 300 முதல் 600 பி.எஸ்.ஐ. வரை என்பதுதான் பொதுவாகச் சொல்லும் வேகம். 500 மிச்சம் இருக்கும் டேங்கை 3000-க்குக் கொண்டுபோக நான்கு நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் வரை ஆகும். நீங்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தால், யார்தான் எட்டு நிமிடம் அடிப்பார்கள்? டேங்கை முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்து, இப்படிச் சொல்லுங்கள்: “அவசரமே இல்லை, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன். மெதுவாக அடியுங்கள். ஆறினதும் ஒரு டாப்-அப் போட்டுவிடுங்கள்.” இந்த இரண்டு வரிக்குக் கிடைக்கும் பலன் எந்தச் சண்டைக்கும் கிடைக்காது.

சில கடைகளில் டேங்கைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே நனைத்தால் உள்ளே உள்ள காற்று உடனே ஆறிவிடாது. மாறாக, குழாய் முனையிலோ வால்வு வாயிலோ ஒட்டியிருக்கும் துளி நீர், அடிக்கும்போது டேங்குக்குள் போகும் ஆபத்து உண்டு. ஸ்டீல் டேங்கில் அது துருவில் முடியும். தொட்டி இருக்கட்டும், வேகம் குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காற்றடிப்பவர் மாட்டுவதற்கு முன்பு குழாய் முனையையும் வால்வு வாயையும் ஒரு நொடி ‘புஸ்’ என்று திறந்து ஊதிவிட்டு மாட்டினால், தொழில் தெரிந்த ஆள்.

டேங்கைக் கொடுக்கும்போது முழுக்கக் காலியாக்கிக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் அழுத்தம் உள்ளே இருந்தால்தான் ஈரம் புகாது. சுழியம் காட்டும் டேங்க் என்றால், உள்ளே தண்ணீர் போயிருக்கலாம் என்று சொல்லி மறுபடியும் பரிசோதனைக்குக் காசு கேட்கும் கடைகள் உண்டு. கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

படி 5: எடுக்கும்போது தொட்டுப் பாருங்கள், அப்புறம் கேஜ்

டேங்கின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இப்போது கேஜ் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கையில் சூடே தெரியாமல் அறையின் குளிர்ச்சியில் இருந்தால் அளந்து பார்க்கலாம். வால்வில் மாட்டிப் பார்க்கும் சின்ன கேஜ் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது இல்லாவிட்டால் நீங்கள் மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரையே மாட்டி, அதன் கேஜைப் பாருங்கள். முள் கேஜ்கள் ஒன்றுக்கொன்று நூறு பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டுவது சகஜம். ஆகவே எப்போதும் ஒரே கேஜில் பாருங்கள், கடைக்காரரின் கேஜோடு உங்கள் கேஜை ஒரு முறை ஒப்பிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய டேங்கில் 2900-க்கு மேல் இருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள். 2700 என்றால் தயங்காமல் டாப்-அப் கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தோளில் குத்திய அழுத்தம் 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸுக்கு உரியது. சூடான டேங்கில் கேஜ் 3100, 3200 காட்டினால் அது தானாகவே தவறாகிவிடாது, ஆறினால் 3000-க்கு வந்துவிடும். எவ்வளவு தாண்டி நிறுத்தலாம் என்பது காற்றடிப்பவரின் கைப்பக்குவம். நாம் கட்டாயப்படுத்தும் விஷயம் அல்ல.

படி 6: காசை எங்கே மிச்சம் பிடிப்பது

பத்து ஃபில்லுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் அட்டை பல கடைகளில் உண்டு. அடிக்கடி இறங்குபவர்களுக்கு அது லாபம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இறங்குபவருக்கு அட்டை எங்கேயாவது தொலையும்.

உண்மையான சேமிப்பு டேங்கின் அளவில் இருக்கிறது. பல கடைகளில் சாதாரணக் காற்றுக்கு டேங்க் எதுவானாலும் ஒரே விலை. அலுமினியம் 80 நிரப்பும் காசுக்கே 3442 அழுத்தத்தில் 100 கன அடி ஸ்டீல் டேங்கை நிரப்பலாம். கடைக்காரர் 3000-இல் நிறுத்தினாலும் அதில் 87 கன அடி இருக்கும், அப்போதும் 80-ஐ விட அதிகம். சேமிப்பு அழுத்தம் குறைவான கடைகளே பக்கத்தில் இருந்தால் 2400 வகை ஸ்டீல் டேங்க் நல்லது, அது எங்கே போனாலும் முழுதாக நிரம்பும். ஸ்டீலில், மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் ஈயத்தையும் குறைக்கலாம். அலுமினியம் 80 காலியானால் ஏறக்குறைய இரண்டு கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தூக்கும், ஸ்டீல் அப்படித் தூக்காது. விலை மட்டும் கூட.

ஹைட்ரோவுக்கு டைவ் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் அவர்கள் வெளியே அனுப்பித்தான் செய்து வாங்குவார்கள். தீயணைப்புக் கருவிகளுக்குப் பரிசோதனை செய்யும் கடைக்கு நீங்களே நேராகப் போனால் குறைவாக முடியும். ஆனால் + குத்த வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள், முடிந்ததும் உள்ளே நன்றாக உலர்த்தித் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தினசரி வேலை இல்லை.

ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸுக்குக் கூடுதல் காசு. 10 மீட்டர் ஆழத்தில் மீன் பார்க்க 32 சதவீத ஆக்சிஜன் தேவையா என்று யோசியுங்கள்.

சொந்தக் கம்ப்ரசர் வாங்கலாமா என்ற கேள்வி கடைசியில் எல்லாருக்கும் வரும். பாவர், கோல்ட்ரி நிறுவனங்களின் சின்ன மாடல்கள் சில ஆயிரம் டாலர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் இயந்திரத்தில் ஒரு அலுமினியம் 80 நிரம்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஃபில்டர் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, காற்று இழுக்கும் குழாயை எஞ்சின் புகை படாத இடத்தில் தூக்கிக் கட்டுவது எல்லாம் உங்கள் தலையில். பக்கத்தில் கடையே இல்லாத ஊரிலோ, நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினாலோதான் கட்டுபடியாகும். இணையத்தில் 300 டாலருக்குக் கிடைக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர்கள் ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) நிரப்பச் செய்தவை. அவற்றில் மூச்சுக்கான ஃபில்டர் கிடையாது. அவற்றை ஏர்கன்னுக்கே விட்டுவிடுங்கள்.