ஹார்மோன் மாத்திரை எத்தனை வருஷம்? டெல்டாப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் மருந்து எடுக்கும் எல்லாப் பெண்களும் ஒரு கட்டத்தில் கேட்பது இது: "இன்னும் எத்தனை வருஷம் சாப்பிடணும்?" பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வருஷம் என்பார், நாத்தனார் ஐந்து என்பார், மருந்துக்கடையில் "ஒண்ணும் ஆகாதும்மா, போட்டுக்கிட்டே இருங்க" என்பார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் இதில் கிடையாது. எதற்காகத் தொடங்கினீர்கள், எந்த வயதில் தொடங்கினீர்கள், கர்ப்பப்பை இருக்கிறதா, மாத்திரையா தோலில் தடவும் ஜெல்லா என்பதையெல்லாம் வைத்து வருஷா வருஷம் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு இது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இன்னும் பலர் யாரையும் கேட்காமல் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். இரண்டிலும் உடம்புக்குத்தான் கேடு.

"அஞ்சு வருஷம் ஆச்சுன்னா நிறுத்தியே ஆகணும், இல்லேன்னா கேன்சர் வரும்" என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பயம் பரவியதில் அமெரிக்காவில் நடந்த உமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜனும் (சினைப்பையில் சுரக்கும் பெண் ஹார்மோன்) புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற மருந்து) சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்த பகுதியை, சராசரியாக 5 ஆண்டு கடந்த நிலையில், 2002-இல் பாதியில் நிறுத்தினார்கள். ஒரு வருஷத்தில், அந்த மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் 30 பேருக்கும் எடுத்த 10,000 பெண்களில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது என்பது கணக்கு. அந்தக் கூடுதல் 8 பேரை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் உடம்பு தீயாய் எரிகிறது, ராத்தூக்கம் இல்லை என்று மருந்து தொடங்கும் பெண்ணின் நிலை வேறு. கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவும் இல்லை.

சரி, அப்படியானால் காலக்கணக்கே வேண்டாமா? வேண்டும். 2019-இல் லான்செட் இதழில் உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு வந்தது. 50 வயதில் தொடங்கி 5 வருஷம் இரண்டு ஹார்மோனையும் தினமும் சேர்த்து எடுத்தால், அடுத்த 20 வருஷத்தில் ஏறத்தாழ 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவர். பத்து வருஷம் எடுத்தால் இந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலை நாட்டுப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு இது. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் அங்கிருப்பதைவிடக் குறைவு. ஆக, வருஷம் கூடக்கூட ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. ஐந்தாவது வருஷத்தின் கடைசி நாளில் திடீரென்று எதுவும் மாறிவிடுவதில்லை. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, தாங்க முடியாத தொல்லை இருந்தால், மருந்தால் வரும் நன்மையே பெரிது என்பது இன்றைய மருத்துவர்களின் நிலைப்பாடு. 65 ஆனதுமே எல்லாரும் நிறுத்தியாக வேண்டும் என்ற விதி தேவையில்லை என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும் 2022-இல் சொல்லிவிட்டது. தொல்லையும் எல்லாருக்கும் இரண்டு வருஷத்தில் அடங்கிவிடாது. அடிக்கடி உடம்பு சூடாகி வியர்க்கும் பெண்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் பாதிப் பேருக்கு அது 7 வருஷத்துக்கும் மேல் நீடித்தது.

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இளவயதிலேயே கர்ப்பப்பை எடுத்த பெண்களைப் பற்றி. எந்த ஊரிலும் நாற்பதுக்குள் "பெரிய ஆபரேஷன்" முடித்தவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. கணக்கே இதில்தான் இருக்கிறது. சினைப்பைகள் இருந்தால் ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருக்கும். மாதவிடாய் வரவில்லை என்பதற்காக மட்டும் மாத்திரை தேவையில்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் உடம்புக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகும். 38 வயதில் இது நடந்த பெண், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பதே, மருத்துவத் தடை ஏதும் இல்லாவிட்டால், எலும்புக்கும் இதயத்துக்கும் பாதுகாப்பு. 'ஐந்து வருஷம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு 43 வயதில் அவர் நிறுத்துவது பெரிய தவறு. உடம்பு தானாகச் சுரந்திருக்க வேண்டியதைத்தான் அந்த மருந்து ஈடுகட்டுகிறது. 50 வயதுக்காரர்களின் ஆபத்துக் கணக்கை அவருக்குப் போடக் கூடாது. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் நகல் கேளுங்கள். ஸ்கேன் எடுத்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

கர்ப்பப்பை இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. சீட்டில் இரண்டு மருந்து இருக்கும், ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டிரோன் ஒன்று. இரண்டாவது தூக்கத்தைக் கொடுக்கும், தலையைச் சுற்றும், விலையும் கூட. "எரிச்சலுக்கு முதல் மாத்திரைதானே கேக்குது" என்று இரண்டாவதை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். தனியாக ஈஸ்ட்ரோஜன் போய்க்கொண்டே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே வரும், நாளாவட்டத்தில் அங்கே புற்றுநோய் வரலாம். புரோஜெஸ்டிரோனைத் தினமும் அல்லது மாதத்தில் 12 முதல் 14 நாளாவது எடுக்க வேண்டும். மயக்கமாக இருந்தால் இரவு படுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் ஹார்மோன் ஒட்டுப்பட்டையிலும் (தோலில் ஒட்டிக்கொள்வது) இதே சிக்கல் உண்டு. பல பட்டைகளில் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே இருக்கும். இங்கே எழுதிக்கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக அதை ஒட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பழைய அட்டையைக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போடுவதும் பரவலாக நடக்கிறது. 49-இல் பொருந்திய மாத்திரை 58-இல் பொருந்த வேண்டும் என்பதில்லை. இடையில் பிரஷர், சர்க்கரை வந்திருக்கும், எடை கூடியிருக்கும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது, வயதும் கூட்டுகிறது. தோலில் தடவும் ஜெல்லுக்கோ ஒட்டுப்பட்டைக்கோ வழக்கமான அளவில் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. அதனால் இன்னும் சில வருஷம் தொடர வேண்டியிருப்பவர்களுக்கு மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறுவதோ அளவைக் குறைப்பதோ நல்ல வழியாக இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்த்தால்தான் இதெல்லாம் பேச்சுக்கு வரும்.

நிறுத்தலாம் என்று முடிவானால் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரி வெயிலில் நிறுத்தினால் வியர்ப்பது வெயிலாலா, மருந்தை விட்டதாலா என்று உங்களுக்கே தெரியாது. மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு இறங்கும் நாட்களும் வேண்டாம். வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் உடம்புக்கு ராத்தூக்கமும் போனால் தாங்காது. அவசரம் இல்லையென்றால் அடைமழை ஓய்ந்த மார்கழி தோதானது. சம்பா அறுவடைக்கு முன்னால் கொஞ்சம் மூச்சுவிட நேரமும் இருக்கும். நிறுத்தியவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தொல்லை திரும்ப வருகிறது. மெதுவாகக் குறைத்தால் முதல் சில மாதம் சுலபமாக இருக்கும். போகப்போக, ஒரேயடியாக நிறுத்தியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் வாரத்திலேயே "என்னால முடியல" என்று பழைய அளவுக்குத் தாவிவிடாமல் இரண்டு மூன்று மாதம் பாருங்கள். அப்புறமும் தாங்கவில்லை என்றால் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவது பற்றி டாக்டரிடம் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தை விட்டதும் எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பும் குறையத் தொடங்கும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் அப்போதே கேளுங்கள்.

மாத்திரையோடு சேர்த்துப் பிறப்புறுப்பில் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீமையும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. அது ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு, மேலே சொன்ன வருஷக்கணக்கு அதற்கு இல்லை. அதை விட்டுவிட்டு, அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தே சமாளிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் மட்டும் கிரீமுக்கும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக மாதவிடாய் வந்த வயது, மருந்து தொடங்கிய மாதமும் வருஷமும், எந்தத் தொல்லைக்காகத் தொடங்கினீர்கள், இப்போது அது எப்படி இருக்கிறது, வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா. மார்பகப் பரிசோதனையும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எப்போது என்று கேளுங்கள். வருஷாந்தர நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. மாதவிடாய் நின்றபின் எதிர்பாராமல் ரத்தம் பட்டாலோ மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, திடீர் மூச்சிரைப்பு, பேச்சுக் குழறல் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கும் முதல் டாக்டரிடமே ஹார்மோன் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.