நட்சத்திர வீரர் தவறு செய்தால் ரசிகர் எப்படி நடந்துகொள்ளலாம்?

நாம் கொண்டாடும் கால்பந்து வீரர் ஒருவர் பெருந்தவறு செய்துவிட்டார் என்ற செய்தியைக் கைப்பேசியில் படித்து முடிப்பதற்குள், எதிரணி ரசிகர்களின் ஏளனமும் நம் அணி ரசிகர்களின் சமாதானங்களும் குவியத் தொடங்கிவிடும். அணியின் மீதுள்ள பற்று ஒரு பக்கமும் மனசாட்சி ஒரு பக்கமுமாக இழுக்கும் அந்த நேரத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்து பொதுவெளியில் பதிவான சில நிகழ்வுகளைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்பது. வீரர் எத்தனை ஆட்டங்களைத் தவறவிடுவார், அவருக்குப் பதில் யார் இறங்குவார் என்ற கேள்விகள் தாமாகவே வரும். இந்தக் கேள்வியை மட்டும் நாம்தான் வலிந்து முன்னால் வைக்க வேண்டும். 2011 அக்டோபர் 15 அன்று லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அந்த அணியும் மான்செஸ்டர் யுனைடெடும் மோதிய ஆட்டத்தில், லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸ் தன் நிறத்தைக் குறிப்பிட்டுத் தன்னை இழிவுபடுத்தியதாக யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ரா புகார் செய்தார். சுவாரெஸ் தன்மீதான குற்றச்சாட்டை மறுத்தார். ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் அமைத்த சுயேச்சைக் குழு விசாரித்து, டிசம்பர் 20 அன்று அவருக்கு எட்டு ஆட்டங்கள் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. மறுநாளே விகன் அணியின் மைதானத்தில், ஆட்டத்திற்கு முந்தைய பயிற்சிக்கு வந்த லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸின் படத்தை நெஞ்சிலும் அவருடைய பெயரையும் 7 என்ற எண்ணையும் முதுகிலும் தாங்கிய பனியன்களை அணிந்திருந்தனர். குழு தன் முடிவுக்கான காரணங்களை விளக்கிய 115 பக்க அறிக்கை டிசம்பர் 31 அன்றுதான் வெளியானது. அதாவது, என்ன நடந்தது என்று படித்துப் பார்ப்பதற்குப் பத்து நாள் முன்பே ஓர் அணி முழுவதும் தன் பக்கத்தை அறிவித்துவிட்டது. அடுத்த மாதம் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்திற்காக எவ்ரா மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் அரங்கின் பெரும்பகுதி கூச்சலிட்டு அவரை அவமதித்தது. புகார் கொடுத்தவரே குற்றவாளிபோல நடத்தப்பட்ட அந்த நாள், பற்று எந்த அளவுக்குக் கண்ணை மறைக்கும் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகவும் வருத்தமான சான்று. ஆகவே அறிக்கையோ தீர்ப்போ வந்தால் முழுவதையும் படியுங்கள். படிக்கும்வரை ஆதரவாகவும் எழுதாதீர்கள், வசையாகவும் எழுதாதீர்கள்.

பாலியல் குற்றப் புகார்களில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். அத்தகைய புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவது இங்கிலாந்தில் குற்றம். கால்பந்து வீரர் செட் எவன்ஸ் மீதான பாலியல் வல்லுறவு வழக்கில், 2012-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சமூக ஊடகத்தில் பரப்பிய ஒன்பது பேர், ஆளுக்கு 624 பவுண்டு அவருக்கு இழப்பீடாகத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வழக்கில் எவன்ஸுக்கு எதிரான தீர்ப்பு 2016-இல் ரத்துசெய்யப்பட்டு, மறுவிசாரணையில் அவர் விடுதலை பெற்றார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். நீதிமன்றத்தின் வேலையை ரசிகர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை தன் கிளப் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்பது ரசிகரின் உரிமை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் மூள்கின்றன.

கிளப்பின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பது தனிக் கலை. ‘சட்ட நடவடிக்கை நிலுவையில் இருப்பதால் மேற்கொண்டு எதுவும் கூற இயலாது’ என்ற வரி ஏறக்குறைய எல்லா அறிக்கையிலும் இருக்கும். அது பல நேரங்களில் நியாயமானதும்கூட. அந்த வரிக்கு அப்பால், கிளப்பில் யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, தெரிந்த பின்னும் வீரரைக் களமிறக்கினார்களா என்ற மூன்றையும் தேடுங்கள். சண்டர்லேண்ட் வீரர் ஆடம் ஜான்சன் 15 வயதுச் சிறுமி தொடர்பான புகாரில் 2015 மார்ச்சில் கைதானார். முதலில் இடைநீக்கம் செய்த கிளப், இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2016 பிப்ரவரி 6 அன்று ஆன்ஃபீல்டில் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்த அவர், நான்கு நாள் கழித்து பிராட்ஃபோர்டு நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். மறுநாள் கிளப் அவரை நீக்கியது. மார்ச்சில் மேலும் ஒரு குற்றமும் உறுதியாகி ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு தொடர்பான ஆவணங்கள் 2015 மே மாதமே தன் கைக்கு வந்திருந்தும் இயக்குநர் குழுவிடம் அவற்றைக் காட்டவில்லை என்பது வெளிப்பட்டு, தலைமை நிர்வாகி மார்கரெட் பர்ன் பதவி விலகினார். இடைப்பட்ட மாதங்களில் அரங்கில் அமர்ந்து அந்தக் கோல்களுக்குக் கைதட்டியவர்களுக்கு அந்த ஆவணங்களில் இருந்தது எதுவும் தெரியாது. அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

தண்டனையின் அளவையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கிளப் தன் வீரருக்கு விதிக்கும் அபராதம் வழக்கமாக இரண்டு வாரச் சம்பளத்தோடு நின்றுவிடும். பணிநீக்கம் செய்தால், விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பெருந்தொகையை இழக்க நேரும் என்பதால் கிளப்புகள் தயங்குகின்றன. இதற்கு விதிவிலக்காக, போதைப்பொருள் சோதனையில் சிக்கிய அட்ரியன் முட்டுவை 2004-இல் நீக்கிய செல்சி, 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு கேட்டு அவரைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. நட்டம் தனக்கு என்றால் காட்டும் அந்த உறுதியை, பிறருக்கு நேர்ந்த தீங்கிலும் கிளப் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, எதிர்ப்பைத் தெரிவிக்கும் வழி. தனி ஆளாக வசைபாடுவதால் பயன் இல்லை. உறுப்பினர் சங்கம், சீசன் டிக்கெட் வைத்திருப்போர், ஸ்பான்சர்கள், மகளிர் அணி, தன்னார்வலர்கள் ஆகியோர் சேர்ந்து பேசும்போது கிளப் காது கொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் கிர்கால்டி ஊரில் உள்ள ரெய்த் ரோவர்ஸ் கிளப், 2022 ஜனவரி 31 அன்று டேவிட் குட்வில்லியை ஒப்பந்தம் செய்தது. அவர்மீது குற்றவியல் வழக்கு நடக்கவில்லை. ஆனால் 2017-இல் உரிமையியல் நீதிமன்றம் அவரும் இன்னொரு வீரரும் ஒரு பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தனர் எனத் தீர்ப்பளித்து, 1,00,000 பவுண்டு இழப்பீடு தரச் சொல்லியிருந்தது. ஜெர்சியில் தன் பெயரைத் தாங்கியிருந்த ஸ்பான்சரும், சிறுவயது முதலே அந்த அணியின் ரசிகருமான துப்பறியும் நாவலாசிரியர் வால் மெக்டெர்மிட் ஆதரவை விலக்கிக்கொண்டார். மகளிர் அணித் தலைவி விலகினார். இயக்குநர்கள் இருவர் பதவி துறந்தனர். ஆட்டத்திறனை வைத்தே முடிவெடுத்தோம் என்று முதலில் விளக்கம் சொன்ன கிளப், பிப்ரவரி 3 அன்று தவறை ஒப்புக்கொண்டு, அவர் தங்களுக்காக ஆடமாட்டார் என்று அறிவித்தது. நான்கே நாள். அந்த ஊரில் யாரும் வீரரைத் தேடிப்போய்த் திட்டவில்லை என்று சொல்ல வரவில்லை. முடிவை மாற்றியது திட்டு அல்ல, தம்மிடம் இருந்ததை ஒவ்வொருவரும் விலக்கிக்கொண்டதுதான். உங்களிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சந்தா, ஒரு ஜெர்சி வாங்கும் பணம், ஒரு கடிதம் எழுதும் நேரம் எதுவானாலும் அது கணக்கில் சேரும்.

அரங்கில் எழுப்பும் குரலும் ஒரு வழியே. வெஸ்ட் ஹாம் வீரர் கர்ட் ஸூமா தன் பூனையை உதைத்து அறையும் காணொளி 2022 பிப்ரவரி 7 அன்று வெளியானது. மறுநாளே வாட்ஃபோர்டுக்கு எதிராக அவரைக் களமிறக்கினர். அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்த எதிர்ப்பொலியில் சொந்த ரசிகர்களின் குரலும் கலந்திருந்தது. ஸ்பான்சர் ஒருவர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார், கிளப் அதிகபட்ச அபராதம் விதித்து அத்தொகையை விலங்கு நலனுக்கு அளித்தது, ஜூன் மாதம் நீதிமன்றம் 180 மணிநேரச் சமூகப் பணி விதித்தது. குரல் கொடுக்கும்போது செயலைக் கண்டியுங்கள். வீரரின் இனத்தையோ குடும்பத்தையோ இழுத்தால் அடுத்த குற்றம் உங்களுடையது.

எல்லாத் தவறும் ஒரே தராசில் நிற்காது. சூதாட்டப் பழக்கத்தால் பத்து மாதத் தடை பெற்ற நியூகாசில் வீரர் சாண்ட்ரோ டொனாலி சிகிச்சையும் பெற வேண்டியிருந்தது. அவரைக் கைவிடாமல் கிளப் காத்திருந்தது சரி என்றே நினைக்கிறேன். 1995 ஜனவரி 25 அன்று லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் ரசிகர் ஒருவரைப் பாய்ந்து உதைத்த எரிக் கன்டோனாவை, மான்செஸ்டர் யுனைடெட் சீசன் முடியும்வரை தானாகவே விலக்கி வைத்தது. ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் அதைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டியது. அவர் இல்லாத அந்த அணி ஒரே புள்ளியில் லீக் பட்டத்தை பிளாக்பர்னிடம் இழந்தது. அவர் 120 மணிநேரம் சமூகப் பணி செய்து முடித்த பிறகே அக்டோபர் 1 அன்று லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பினார். வீரரை வரவேற்கலாமா என்று முடிவெடுக்கும்போது இதைத்தான் தேட வேண்டும்: தண்டனை முழுமையாக நிறைவேறியதா, கிளப் அதற்காக எதையேனும் இழக்கத் துணிந்ததா, பாதிக்கப்பட்டவரை நோக்கி ஒரு சொல்லாவது பேசப்பட்டதா.

அந்தச் சொல் தாமதமாகவும் வரலாம். விகனில் சுவாரெஸ் பனியன் அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி கரகர், 2019 அக்டோபரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பக்கத்தில் அமர்ந்திருந்த எவ்ராவின் முகத்தைப் பார்த்து, அன்று தாங்கள் செய்தது பெரும் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். எவ்ரா அதை ஏற்றுக்கொண்டார். அதற்குள் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.