பேஸ் கிட்டாரில் கீழ் ஃப்ரெட் கரகரப்பு: என் அனுபவம்

என் நாலு கம்பி பேஸில் 45–105 கம்பி செட்டைக் கழற்றிவிட்டு மெலிதான 40–95 போட்டேன் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). விரலுக்குச் சுகம்தான், ஆனால் ஈ கம்பி (நாலில் தடிமனானது) முதல் சில ஃப்ரெட்டுகளில், அதாவது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளில், கரகரத்தது. மேல் ஃப்ரெட்டுகளில் சுத்தமாக ஒலித்ததால் பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) தொடவில்லை. மெலிந்த கம்பிக்கு இழுவிசை குறைவு; அப்போது டிரஸ் ராட் (கழுத்துக்குள் இருக்கும் உலோகக் கம்பி) கழுத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தேன். எட்டாவது ஃப்ரெட்டில் கம்பி ஒட்டியே கிடந்தது. டிரஸ் ராட்டை ஆலன் கீயால் இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தி, ட்யூன் செய்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன் (மரம் மெதுவாகத்தான் நகரும், அவசரமே கூடாது). காலையில் அதே எட்டாவது ஃப்ரெட்டில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி; கரகரப்பு போயே போச்சு! அப்புறம் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக இருக்கிறதா என்பது): 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அங்கேயே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலித்தது, அதனால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.