பாலக்காட்டுக்குக் குடிவருகிறீர்களா? கீசர் சொட்டினால் அந்த வால்வை அடைக்க விடாதீர்கள்

கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, ஐஐடியில் படிப்பு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூட வேலை என்று கேரள எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டி வரும் நம் ஆட்களுக்கு எல்லோரும் ஏதாவது சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வாடகை வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கும் கீசரைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. என் நண்பர் ஒருவருக்கு அதனால் அட்வான்ஸ் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் பில் நம்ம ஊர் மாதிரியே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் முதல் 100 யூனிட் இலவசம் என்பது இங்கே இல்லை. கீசர் எலிமெண்ட், அதாவது உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பி, பெரும்பாலும் 2000 வாட். ஒரு மணி நேரம் சூடாக்கினால் 2 யூனிட் ஓடிவிடும். கரண்ட் புகாருக்கு 1912, குழாய்த் தண்ணீர் புகாருக்கு 1916. இவ்வளவு போதும்.

இனி தண்ணீர். கோவையில் சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். சிறுவாணி அணை இருப்பது இதே பாலக்காடு மாவட்டத்தில்தான், ஆனால் அந்தத் தண்ணீர் மலையைத் தாண்டி கோவைக்குப் போய்விடுகிறது. பாலக்காடு டவுனுக்கு மலம்புழா தண்ணீர் வருகிறது. கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் மழை குறைவு, பல வீடுகளில் போர்வெல்தான். பொள்ளாச்சியில் பார்த்த அதே உப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. கீசருக்கு 200-ஐத் தாண்டினாலே கஷ்டகாலம்தான். சூடாகச் சூடாக வெள்ளைப் படிவு எலிமெண்டில் ஏறும், அடியில் தங்கும், வால்வுக்குள் போய் உட்காரும்.

கீசரிலிருந்து தண்ணீர் சொட்டினால் உடனே யாருக்கும் போன் போடாதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் மட்டும் போதாது, கரண்ட் பெட்டியில் கீசருக்கான எம்சிபியையும் (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். பிறகு கீசரின் அடிப்பக்கத்தைப் பழைய வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, எந்த இடத்தில் முதல் சொட்டு வருகிறது என்று பாருங்கள். மேலே கசிந்தாலும் கீழேதான் வந்து சொட்டும், ஆகவே டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

பைப் சேரும் நட்டில் ஈரம் என்றால் வேலை எளிது. கீசருக்குத் தண்ணீர் வரும் சுவர்க் குழாயில் உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, கழற்றி, வாஷரை மாற்றி, டெஃப்ளான் டேப் சுற்றி மாட்டினால் நின்றுவிடும். அடியில் எலிமெண்ட் மாட்டியிருக்கும் வட்டத் தகட்டின் ஓரத்தில் கசிந்தால் காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும். எலிமெண்டைக் கழற்றும்போதே படிவைச் சுரண்டி, பக்கத்தில் இருக்கும் மெக்னீசியம் ஆனோட் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் அரிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்வது அந்தக் கம்பிதான். அது தேய்ந்துபோயிருந்தால் புதிது போட்டே ஆகவேண்டும். வெளிக்கூட்டின் ஓட்டையிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் வந்தால் உள் டேங்க் ஓட்டை. அதற்கு எம்-சீல், வெல்டிங் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கீசரையே மாற்ற வேண்டியதுதான்.

இவை எல்லாம் எந்த ஊரிலும் நடப்பவை. நண்பருடைய பணத்தை விழுங்கியது வேறு.

குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் பைப்பில் விரல் நீளத்துக்கு ஒரு வால்வு இருக்கும், பக்கவாட்டில் சின்ன மூக்கு மாதிரி ஒரு துளை, மேலே ஒரு நெம்புகோல். தண்ணீர் திரும்பி டேங்கை விட்டு ஓடாமல் தடுப்பதும், உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற்றுவதும் அதன் வேலை. பெரும்பாலும் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் அது திறக்கும். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 350 மில்லி கூடுதலாகும். குழாய் மூடியிருந்தால் அது எங்கே போகும்? அந்த மூக்கு வழியாகத்தான் வரும். சூடாகும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றுவிட்டால் கீசர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நண்பர் கூப்பிட்ட மெக்கானிக்குக்கு இதைச் சொல்ல நேரமில்லை. "இதை அடைச்சா சரியாயிடும் சாரே" என்று மூக்கில் ஒரு மூடியைத் திருகி, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொட்டு நின்றது. நண்பருக்கு நிம்மதி. மூடிய டேங்கில் தினமும் இரண்டு வேளை அழுத்தம் ஏறி இறங்கினால் தகடு எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் காலையில் வெல்டிங் ஓரம் விட்டு, துருத் தண்ணீர் ஹால் வரை வந்துவிட்டது. டேங்குக்கு வாரண்டி இருந்தது. வந்து பார்த்த சர்வீஸ்காரர் மூடியைக் காட்டி, இதற்குச் செல்லாது என்றார். வீட்டுக்காரர் புதுக் கீசரின் விலையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். மூடி போட்டவர் போனை எடுக்கவேயில்லை. அன்று போதிய சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து கெட்டிருந்தால், தண்ணீர் கொதித்து நீராவி ஏறி டேங்க் வெடித்திருக்கக்கூடும். குழந்தைகள் குளிக்கும் இடம் அது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது.

அந்த மூக்கை எக்காரணம் கொண்டும் அடைக்க விடாதீர்கள். சொட்டு தொல்லையாக இருந்தால், மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாயை மாட்டி, கீழ்நோக்கிச் சரிவாகத் தரைச் சாக்கடை ஓட்டைக்கு விட்டுவிடுங்கள். கீசர் அணைந்து, தண்ணீர் ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் வால்வுக்குள் படிவோ மணலோ சிக்கியிருக்கும். தண்ணீர் முழுதும் ஆறிய பிறகு நெம்புகோலை இரண்டு மூன்று தடவை தூக்கிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். போகவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். அதே அழுத்த அளவு கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் அதன் அழுத்தம் எவ்வளவு, கீசர் எவ்வளவு தாங்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இங்கே கிழக்குப் பகுதியில் நிறையப் பேர் நம்மோடு தமிழிலேயே பேசுவார்கள். "சேட்டா, கீசர் வாங்கின பில் இருக்கா?" என்று குடிவரும் நாளிலேயே கேட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கீசரின் அடிப்பக்கத்தையும், வால்வு மூக்கையும் போட்டோ எடுத்து அன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர்கள் மூடி போட்டுவிட்டுப் போயிருந்தால் அது உங்கள் தலையில் விழாது. மூடியைப் பார்த்தால், அதை எடுத்துவிட்டு வால்வையும் டேங்கையும் தெரிந்த ஆளை வைத்துப் பார்க்கும்வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

மீட்டர் பக்கத்தில் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கீசர் போடும்போதெல்லாம் அது விழுந்தால் பெரும்பாலும் எலிமெண்டின் உறை விட்டுப்போய்த் தண்ணீரில் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். அந்த எலிமெண்டை மாற்றுகிறவரை விறகடுப்பிலோ கேஸிலோ வெந்நீர் வைத்துக் குளியுங்கள்.